முழங்காலளவு கடல்

என் தம்பியின் முகத்தை என்னால் வரைய முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி இதை எழுதுவது சுலபம் இல்லை. ஆனாலும் நான் சொல்ல வந்த விஷயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் கடற்கரையில் பந்து விளையாடப் போனவன் அவன். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அன்று வந்த சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தம்பி கிடைக்கவே இல்லை. வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் வடிந்தபோது மரப் பீரோவும் அதற்குள் இருந்த ஆல்பமும் போயிருந்தன. ரேஷன் அட்டையில் பிள்ளைகளுக்குப் படம் கிடையாது. பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தவனுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

"நீதான் படம் வரையப் படிக்கிறியேம்மா, தம்பிய வரைஞ்சு குடு" என்றார் அப்பா. உட்கார்ந்து வரைந்தேன். புருவத்தின் நடுவே அவனுக்கு இருந்த தழும்பு சரியாக வந்தது. விடைத்த காது வந்தது, முன்பல் இரண்டும் வந்தன. அம்மா வாங்கிப் பார்த்தாள். "இது யாரு வூட்டுப் புள்ளையோ" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. படத்தைப் பார்த்த எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகும் பலமுறை முயன்றேன். உறுப்புகள் வரும், அவன் வர மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாளுக்குப் பிறகு நான் கடலில் கால் வைக்கவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்துகொண்டே வைக்கவில்லை. வருஷா வருஷம் டிசம்பர் 26 அன்று ஊரே கரைக்குப் போய்ப் பாலூற்றிப் பூத்தூவும்போது நான் சாலையிலேயே நின்றுகொள்வேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

2017-இன் தொடக்கத்தில் எங்கள் பள்ளித் தமிழாசிரியை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கொச்சிக்குப் போய் பினாலே என்ற கலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். காரைக்கால்–எர்ணாகுளம் வண்டியில் ஏறினோம். எர்ணாகுளத்திலிருந்து பலரும் ஃபோர்ட் கொச்சிக்குப் படகில்தான் போவார்கள். நான் பேருந்தில் போகலாம் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், மறுபேச்சு பேசாமல் தோப்பும்படி வழியாகப் போகும் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

கொச்சி–முசிறிஸ் பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. நாங்கள் பார்த்தது சுதர்சன் ஷெட்டி பொறுப்பேற்று நடத்திய மூன்றாவது பதிப்பு. அதன் முக்கிய இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வியாபாரி தொடங்கிய நிறுவனத்தின் வளாகம் அது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய், மரம், பிற்பாடு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் எல்லாம் அங்கே குவிந்து கப்பலேறின. துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும் நீர்வழியின் ஓரத்திலேயே நிற்கிறது. சுவரில் உப்பரித்த காறை, தலைக்கு மேல் மரச்சட்டம், ஓடு. வெளியே கப்பல் ஊதினால் உள்ளே கேட்கும். கண்காட்சிக்கென்று கட்டிய வெள்ளைச் சுவர் அறையில் படம் மாட்டுவதற்கும் இந்த மாதிரி இடத்தில் ஒன்றை உருவாக்குவதற்கும் உள்ள வேறுபாடு அந்த வளாகத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டுவிடும். வெள்ளைச் சுவர் தன்னை மறைத்துக்கொள்ளப் பார்க்கும். இந்தச் சுவருக்குச் சொந்தமாக ஒரு வயது இருக்கிறது. கலைஞர் அதோடு சேர்ந்துதான் வேலை செய்ய முடியும்.

அங்கேதான் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீட்டாவின் 'வலியின் கடல்' இருந்தது. கிட்டங்கி போன்ற நீண்ட கூடம் ஒன்றில் கடல்நீரை நிரப்பியிருந்தார்கள். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. சுவர்களில் ஆங்காங்கே கேன்வாஸ், அவற்றில் எதிரே நிற்பவரை நேராகக் கேட்கும் சின்னச் சின்னக் கேள்விகள். கடைசிச் சுவரில் ஒரு கவிதை. அதைப் படிக்க வேண்டுமானால் தண்ணீருக்குள் இறங்கி நடந்துதான் போக வேண்டும். வேறு வழி வைக்கவில்லை.

போவதற்கு முன்பே அதன் புகைப்படங்களைப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். தண்ணீர் புகுந்த ஒரு கட்டடம், அதில் இரண்டு மூன்று பேர். தண்ணீர் புகுந்த கட்டடத்தை எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும் இறங்கினார்கள். பெண்கள் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அக்கா என் தோளைத் தொட்டு, "நீ இரும்மா, நான் மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அவருக்குத் தெரியும். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. உள்ளே இறங்கி நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மெதுவாக, தலை கவிழ்ந்து நடந்தார்கள். ஒருவேளை அதுதான் காரணமாக இருக்கலாம்.

முதல் அடியில் பயம்தான். தண்ணீர் கெண்டைக்காலை நனைத்தது, வெதுவெதுப்பாக இருந்தது. கடலில் அலை வரும், மணல் காலடியில் கரையும். இங்கே அலை இல்லை, காலுக்குக் கீழே கெட்டித் தரை. கடலின் உப்பும் வாடையும் மட்டும் இருந்தன. அலை இல்லை என்பதை என் உடம்பு நம்பக் கொஞ்ச தூரம் பிடித்தது. அதுவரை சுவர்க் கேள்விகள் எதையும் நான் படிக்கவில்லை. தரையைக் காலால் தடவித் தடவிப் போனேன்.

பாதிக் கூடம் வந்தபோதுதான் கவனித்தேன். யாரோ முன்னால் நடக்கிறார்கள், அவர்கள் கிளப்பிய சிற்றலை என் காலில் வந்து மோதுகிறது. பின்னால் யாரோ இறங்குகிறார்கள், அதுவும் வந்து தொடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கிச் சிரித்துக்கொண்டு தண்ணீரைச் சிதறடித்தார்கள். கூடம் முழுக்க அலை எழுந்தது. சுவரோரம் நின்ற ஒரு பெரியவர் சட்டென்று நின்று காலை ஊன்றிக்கொண்டார். பிள்ளைகள் வெளியேறிய பிறகும் தண்ணீர் அடங்கச் சிறிது நேரம் ஆனது. ஓவியத்தின் முன்னால் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேரும் தனித்தனியாகத்தான் பார்க்கிறோம். அடுத்தவர் மறைத்தால் எரிச்சல்தான் வரும். இந்தக் கூடத்தில் யார் எங்கே கால் எடுத்து வைத்தாலும் அது எல்லோர் தோலுக்கும் வந்து சேர்ந்தது. இதை எந்தப் புகைப்படமும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

கடைசிச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

2015 செப்டம்பர் 2 அன்று துருக்கியின் போத்ரும் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிலூஃபர் தெமிர் என்ற பெண் எடுத்தது. சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, சின்ன ஷூ. ஆலன் வந்த படகு கவிழ்ந்ததில் அவன் அம்மாவும் அண்ணன் காலிப்பும் மூழ்கிப்போனார்கள். அப்பா மட்டும் பிழைத்தார். அந்த அண்ணனுக்குத்தான் சுரீட்டா இந்தக் கடலைச் செய்திருந்தார். உலகமே பார்த்தது தம்பியை. கரையில் கிடந்த அண்ணனை அப்படி யாரும் பார்க்கவில்லை, அவனைக் காட்டும் அப்படியொரு படம் இல்லை. சுவரில் இருந்த கவிதை அதைத்தான் சொன்னது.

படித்துவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா பக்கத்தில் வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அழுதேன் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. மனம் அழுகைக்குப் போவதற்கு முன்னால் வேறொன்றில் மாட்டிக்கொண்டது. இந்தக் கவிஞர் அந்தப் பிள்ளையின் முகத்தைச் செய்து காட்டப் பார்க்கவில்லை. சிலை வைக்கவில்லை, படம் வரையவில்லை. அப்படியொரு படம் இல்லாத பிள்ளைக்காக ஒரு இடத்தை உண்டாக்கி, அதற்குள் என்னை நடக்க வைத்திருக்கிறார். அவன் மூழ்கியது போன்ற உப்புத் தண்ணீர் என் காலில் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் தாளில் தேடிக்கொண்டிருந்ததைத் தேட வேண்டிய இடம் தாள் இல்லை என்று அங்கே தோன்றியது.

சுரீட்டாவைப் பற்றி ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன். 1950-இல் பிறந்தவர், பொறியியல் படித்தவர். 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் தளபதி பினோஷேயின் ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாளில் வால்பரைசோ நகரில் அவரைக் கைது செய்து, ஒரு கப்பலின் அடித்தளத்தில் மற்றக் கைதிகளோடு அடைத்துவைத்தார்கள். அந்த ஆட்சியில் கொல்லப்பட்டவர்களில் பலருடைய உடல்கள் கடலிலும் மலையிலும் வீசப்பட்டன. உடல் கிடைக்காதவர்களைப் பற்றியே தன் கவிதையில் பெரும்பகுதியை எழுதியவர் அவர். 1982-இல் நியூயார்க் வானத்தில் விமானப் புகையால் கவிதை எழுதினார், காற்று அதைக் கலைத்துக்கொண்டுபோனது. 1993-இல் அட்டகாமா பாலைவனத் தரையில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கே சொற்களைத் தோண்டி வைத்தார், மேலேயிருந்து பார்த்தால்தான் படிக்க முடியும். எழுத்தைத் தாளிலிருந்து எடுத்து வானத்திலும் மணலிலும் தண்ணீரிலும் வைத்த ஆள், கப்பல் வாணிபம் நடந்த ஒரு கிட்டங்கியைக் கொச்சியில் கண்டதும் அதற்குள் கடலைக் கொண்டுவந்ததில் எனக்கு வியப்பு இல்லை. அதே தண்ணீரை ஏதாவது ஒரு நகரத்து ஏசி அரங்கில் நீலத் தொட்டி கட்டி நிரப்பியிருந்தால்? கேள்விகள் அதேதான், கவிதையும் அதேதான். ஆனால் வெளியே கப்பல் ஊதும் சத்தம் இருக்காது. எல்லைகளைத் தாண்டி மிளகு சுலபமாகப் போன கட்டடத்தில், எல்லை தாண்ட முடியாமல் செத்த பிள்ளையை நினைப்பது என்பதும் இருக்காது.

எல்லாப் படைப்புக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2014 பினாலேயில் அதே ஆஸ்பின்வால் வளாகத்தில் சிற்பி அனிஷ் கபூர் தரையில் ஓயாமல் சுழலும் நீர்ச்சுழல் ஒன்றை வைத்தார். 2015-இல் அது பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்கும் 2017-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்காவுக்கும் போனது. பயணம் செய்யக்கூடிய படைப்பு அது. போகிற இடத்தின் அர்த்தத்தை ஏற்றுக்கொள்ளும். அதுவும் ஒரு வகை. எனக்கு நெருக்கமானது இடத்தை விட்டு நகர முடியாத வகைதான்.

அமெரிக்க விமர்சகர் மைக்கேல் ஃபிரைட் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரை இப்படிப் பார்வையாளரை உள்ளே இழுக்கும் கலைக்கு எதிரான வலுவான வாதம் என்று கலைக்கல்லூரிகளில் சொல்லித்தருவார்கள். பார்வையாளர் வந்து சேர்ந்தால்தான் முழுமையாகிற படைப்பு, அவருக்காகக் காத்திருக்கிற படைப்பு, நாடக மேடையைப் போல ஆகிவிடுகிறது, உயர்ந்த கலை யாருக்காகவும் காத்திருக்காமல் தன்னிலேயே நிறைந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மாணவியாக இருந்தபோது எனக்கு அது சரியென்றே பட்டது. ஒரு நல்ல ஓவியம் பூட்டிய அறையில் இருந்தாலும் நல்ல ஓவியம்தானே என்று நினைத்தேன். கொச்சிக் கூடத்தில் அந்த நினைப்பு நிற்கவில்லை. ராத்திரி பூட்டிய பிறகு அங்கே இருந்தது அசையாத உப்புத் தண்ணீர் மட்டும்தான். காலையில் முதல் ஆள் காலை வைக்கும்போதுதான் அது வலியின் கடலாகிறது. காத்திருப்பதை ஃபிரைட் குறையாகப் பார்த்தார். எனக்கு அது ஒரு மரியாதையாகப் படுகிறது. வருகிறவள் எதைச் சுமந்துகொண்டு வருவாள் என்று அந்தக் கவிஞருக்குத் தெரியாது. நாகப்பட்டினம் என்ற ஊரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் எனக்கு இடம் விட்டிருந்தார்.

அப்படி இடம் விடுவதோடு கேட்டுவிட்டுச் செய்வதும் முக்கியம் என்று நினைக்கிறேன். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் கதையைப் படித்தபோது அந்த எண்ணம் உறுதியானது. 1981-இல் நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசா என்ற அரசு அலுவலகச் சதுக்கத்தில் 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு வளைந்து சாய்ந்த இரும்புச் சுவர் ஒன்றை அவர் நிறுத்தினார். சதுக்கத்தைக் கடந்து போகிறவர் அந்தச் சுவரைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். நடக்க நடக்கத் தன் அசைவையும் அந்த வெளியையும் உணர வேண்டும் என்பது அவர் நோக்கம். தினமும் வேலைக்கு அந்த வழியாகப் போனவர்களில் பலருக்கு அது வழியை மறித்த துருப்பிடித்த இரும்பு. எதிர்ப்பு வந்தது, 1985-இல் விசாரணை நடந்தது. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றார்கள். அந்த இடத்துக்காகவே செய்ததை எடுத்தால் அது அழிந்ததாகவே பொருள் என்று செர்ரா வழக்கு வரை போனார். 1989 மார்ச் 15 ராத்திரி அதை வெட்டி எடுத்துக்கொண்டுபோய்க் கிடங்கில் போட்டார்கள்.

செர்ரா சொன்னது சரி. அதை நான் முழுமனதாக ஏற்கிறேன். கிடங்கில் கிடக்கும் அந்த இரும்புத் துண்டுகளை யாரும் அந்தப் படைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அலுவலக ஊழியர்கள் பக்கமும் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்கள் இல்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் உடம்பை யாரும் கேட்காமல் படைப்புக்குள் இழுத்துக்கொண்டார்கள். கொச்சியில் வாசலில் ஒரு படி இருந்தது. இறங்கலாம், இறங்காமல் திரும்பியும் போகலாம். என்னைப் போல ஒருத்திக்கு அந்தப் படி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எப்படிச் சொல்வேன்! கேட்காமல் யாராவது என்னைத் தண்ணீரில் நிறுத்தியிருந்தால் நான் ஓடியிருப்பேன். நானே இறங்கியதால்தான் கடைசிச் சுவர் வரை போக முடிந்தது.

எங்கள் பக்கத்து வேளாங்கண்ணியில் இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கிறேன். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை போகும் மணல் பாதையில் வேண்டுதல்காரர்கள் முழங்காலிட்டே நகர்ந்து போவார்கள். பக்கத்திலேயே நடந்து போக வழி இருக்கும். நடந்து போகிறவர்களுக்கு அது சில நிமிஷத்துத் தூரம். முழங்காலில் போகிறவர்களுக்கு அந்த மணலின் ஒவ்வொரு அடியும் தெரியும். யாரும் அவர்களை அப்படிப் போகச் சொல்வதில்லை. ஒரு பாதையை இடமும் உடம்பும் சேர்ந்து எப்படி வேறொன்றாக மாற்றும் என்பதைக் கலைக்கல்லூரியில் சேரும் முன்பே நான் பார்த்துவிட்டேன். பெயர் வைக்கத்தான் தெரியவில்லை.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கூடம் நிறையக் கடல்தண்ணி, அதற்குள் நடந்தேன் என்றதும் அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சிரியாவையும் படகையும் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பெரிய புள்ளைக்குப் படமே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா." அதற்கு மேல் அவள் பேசவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 26 அன்று நான் அம்மாவோடு அலையில் இறங்கினேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். இறங்கவில்லை. சாலையில்தான் நின்றேன். கலை அப்படி நோய் தீர்க்கும் என்று நான் நம்பவும் இல்லை. தம்பியின் முகத்தை வரைய முயல்வதை மட்டும் விட்டுவிட்டேன். அது தோல்வியாகத் தோன்றவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. அப்போது நான் வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதலாகியிருந்தேன். தென்னை, முந்திரி, மா எல்லாம் வேரோடு போயிற்று. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பள்ளி மறுபடி திறந்தபோது பிள்ளைகள் புயலைத் தவிர வேறெதையும் வரைய மாட்டேன் என்றார்கள். எல்லாத் தாளிலும் சாய்ந்த தென்னை, பறக்கும் கூரை. பத்துத் தாள் பார்த்த பிறகு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்கும் அது தெரிந்தது.

வளாகத்தின் மூலையில் பழைய சத்துணவுக் கூடம் ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டடம், புதிது கட்டிய பிறகு பூட்டிக் கிடந்தது. புயல் அதன் ஓடுகளைத் திட்டுத் திட்டாகப் பிய்த்திருந்தது. சுவர் உறுதியாக இருக்கிறது, மேலே தொங்கும் ஓடு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போனேன். கையில் தாளும் இல்லை, வண்ணமும் இல்லை. "சும்மா நில்லுங்க. என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன்.

முதலில் சலசலப்பு. பிறகு ஒருவன், "டீச்சர், வெயில் தரையில கட்டம் கட்டமா விழுந்திருக்கு" என்றான். அங்கிருந்து வேலை பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. சுண்ணாம்பைக் கரைத்தார்கள். வெயில் விழுந்த துண்டுகளின் ஓரத்தைத் தூரிகையால் வரைந்தார்கள். அடுத்த பீரியட் மணி அடித்ததும் ஓடி வந்து பார்த்தால் வெயில் நகர்ந்திருந்தது. நகர்ந்த இடத்தில் மறுபடி வரைந்தார்கள். சாயங்காலம் ஆனபோது தரை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைக் கோடுகள். ஓடு போன ஓட்டைகளின் வடிவம் மணிக்கு மணி கிழக்கே நகர்ந்துபோன தடம் அது. புயலை யாரும் வரையவில்லை. அது செய்துவிட்டுப் போனதை வெயிலை வைத்து அளந்திருந்தார்கள்.

பெற்றோரை வரச் சொன்னோம். ஒரு பாட்டி உள்ளே வந்து நடுவில் நின்றார். அவர் நிழல் கோடுகள்மேல் விழுந்தது. "ஆயா, நவுருங்க, மறைக்குது" என்றான் ஒரு பையன். "இருக்கட்டும் டீச்சர், அதையும் வரைஞ்சிடலாம்" என்றாள் ஒரு பெண். அவள் குனிந்து வரைந்து முடிக்கும்வரை அந்தப் பாட்டி அசையாமல் நின்றார். நின்றபடியே மேலே பார்த்து, "எங்க வூட்லயும் இப்புடித்தான் ஒழுவுது வெயிலு" என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தாங்களாகவே போய் வெயிலில் நின்றார்கள். நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. சுரீட்டாவின் கூடத்தில் நான் கற்றதை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டாள். நிழலைத் தொந்தரவு என்று ஒதுக்காமல் உள்ளே எடுத்துக்கொண்டாள்.

பிறகு வேண்டாத ஒன்று நடந்தது. நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள், ஒரு கண்காட்சியில் இதை வைக்க வேண்டுமென்று. அந்த இடத்துக்கு வந்துதான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை கொடுத்தார்கள். நாலு புகைப்படம், உடைந்த ஓடுகள், பள்ளியின் பெயர் எழுதிய அட்டை. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மேசைக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி என் புடவையை இழுத்து, "டீச்சர், இதுல வெயில் இல்லையே" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னதுதான் சரி.

அந்தக் கூடத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு அது தேவைதான். அந்த இடத்தில் இப்போது கைகழுவும் குழாய்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக் கோடுகள் ஒரு மழைக்குக்கூடத் தாங்கியிருக்காது, அதற்காக நான் வருந்தவில்லை. மேசையில் வைத்ததற்குத்தான் வருந்துகிறேன்.

பள்ளிகளில், ஊர்களில் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஒரே மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலை, பழைய தபால் அலுவலகம், உப்புக் கொட்டகை, ஓடு போன கூடம் இவற்றில் உறுதியாக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளிடம் விடுங்கள். நடுவர்களைப் பேருந்தில் ஏற்றி அங்கே அனுப்புங்கள். பார்க்கப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உள்ளே நுழைந்ததும் போனை எடுக்காதீர்கள். முதலில் நில்லுங்கள், உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள். தண்ணீர் இருந்தால், மனம் ஒப்பினால், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். ஒப்பவில்லையென்றால் வாசலிலேயே நில்லுங்கள். அப்படி நிற்பவரைப் பார்த்து யாரும் வா வா என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.